மாமனார் ரைபிளுக்கு அச்சு தேடாதே, தங்கச்சி!

“அக்கா, வீட்டில் மாமனாரோட பழைய ரைபிள் இருக்கு. தோட்டா சுலபமா கிடைக்க மாட்டேங்குது. குண்டு வார்க்கிற அச்சு எங்கே கிடைக்கும்? தோட்டா உள்ளே போகும்போது வேற அடிக்கடி சிக்குது, அதுக்கு என்ன வழி?”

போர்ட் பிளேரில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி சமையல் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப்போய் இதைத்தான் கேட்கிறாள். (ஊர்ப் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. என் வாய்க்கு இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது.) கேட்பவளுக்கு அவசரம். பின்னால் நிற்கும் கொழுந்தனுக்கு அதைவிட அவசரம். முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரி: தேடாதே. இரண்டாவது கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. அதில் பாதி எண்ணெய்ப் பிசுக்கு, கால்வாசி தோட்டா அடுக்குகிற முறை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்.

1. முதலில் அது என்ன துப்பாக்கி என்று பார்

“பழைய ரைபிள்” என்று எல்லாரும் சொல்கிறீர்கள். லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்? நம் நாட்டில் தனியார் வீட்டில் இருக்கிற, வரிசையாகத் தோட்டா போட்டுச் சுடும் ரைபிள் பெரும்பாலும் .315 போர். இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது. பழைய பட்டாள லீ-என்ஃபீல்டு ரைபிளின் உடம்பு அப்படியே இருக்கும். கீழே பெட்டி மாதிரி மேகசின், மேலே முன்னும் பின்னும் இழுக்கிற போல்ட். பட்டாளத்து .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே முடிவு பண்ணினார்கள். அதனால் அதே அமைப்பில் வேறு தோட்டாவுக்குச் செய்த ரைபிள் இது. அசல் பழசு அல்ல, பழசின் நகல். மேகசினில் 5 தோட்டா பிடிக்கும்.

இல்லை, அது வாய்வழியாக மருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி என்றால் மேகசினே கிடையாது, உன் இரண்டாவது கேள்வியும் கிடையாது. இரட்டைக் குழல் 12 போர் என்றாலும் அப்படித்தான். எதுவென்று தெரியாமல் யாரிடமும் ஆலோசனை கேட்காதே. கேட்கிறவன் ஒன்றைச் சொல்ல, சொல்கிறவன் வேறொன்றை நினைத்துப் பதில் சொல்வான்.

2. காகிதம் சரியா என்று பார், பிறகு துப்பாக்கியைத் தொடு

நீங்கள் தப்பு பண்ணுகிற இடம் இதுதான்.

• லைசென்ஸ் மாமனார் பெயரில் இருந்து, அவர் காலமாகிவிட்டால், அந்தத் துப்பாக்கி பீரோவில் இருப்பதே தப்பு. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ம் பிரிவு, தாமதம் பண்ணாமல் பக்கத்துத் தாணாவிலோ (போலீஸ் ஸ்டேஷன்) லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடாது. வாரிசு லைசென்ஸ் வாங்கி மீட்டுக்கொள்ளலாம். “கருமாதி முடியட்டும், வருஷத் திதி முடியட்டும்” என்று இழுக்காதே.

• வாரிசுக்கு மாற்ற அவர் போகும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, அவர் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்குக் கேட்கலாம். மாமனார் நன்றாக நடமாடும்போதே டி.சி. (டெபுட்டி கமிஷனர்) ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் இந்த வேலையை முடி. பிறகு வாரிசுச் சான்றிதழ், மற்ற பிள்ளைகளின் சம்மதக் கடிதம் என்று அலைய வேண்டாம். நாத்தனார் டிக்லிபூரிலும் மச்சாண்டார் சென்னையிலும் இருந்தால் அந்தக் கையெழுத்துகளை வாங்குவதற்குள் உன் தலை நரைத்துவிடும்.

• 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். முன்பு மூன்று. தாத்தா சொத்து என்று வந்தாலும் இந்தக் கணக்கில்தான் சேரும். லைசென்ஸ் காலம் மட்டும் 3 வருஷத்திலிருந்து 5 வருஷம் ஆகியிருக்கிறது. புதுப்பிக்கும் தேதியை கேஸ் சிலிண்டர் புக்கிங் எழுதுகிற காலண்டரிலேயே எழுது. அங்கேதான் உன் கண் தினமும் போகும்.

• “அண்ணன் ரிப்பேருக்குக் கொடுத்துட்டு வரட்டுமா?” என்று கேட்பாய். லைசென்ஸ்தாரர் கூடவே போக வேண்டும், அல்லது எழுத்தில் அனுமதி தர வேண்டும். 3-ம் பிரிவே இதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க ஐந்து நிமிஷம் ஆகாது. அந்தத் தாள் இல்லாமல் ஜங்லிகாட் வளைவில் போலீஸ் நிறுத்தினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

• லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதையும் பார். தீவுகளுக்கு மட்டும் என்று இருந்தால் சென்னைக்குக் கப்பல் ஏற்றும் பேச்சே எடுக்காதே. ஏற்றலாம் என்றால்கூட டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கப்பல் ஆபீசிலோ விமானக் கம்பெனியிலோ விதியைக் கேட்டுக்கொள். ஹாடோ ஜெட்டியில் மூட்டையோடு நின்றுகொண்டு கேட்காதே.

• வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற லைசென்ஸ்தாரர் பெயரை வனத்துறையிடம் பதிய வேண்டும். நம் தீவுகளில் எங்கே நின்று கல் எறிந்தாலும் ஒரு சரணாலயத்துக்குப் பக்கத்தில் விழும். பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை விசாரி.

3. அச்சு: ஏன் வேண்டாம் என்கிறேன்

உன் கொழுந்தன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். “அண்ணி, வலைக்கு ஈயக் குண்டு நாமே வார்க்கிறோம். அதே ஈயம், அதே நெருப்பு. அச்சு ஒண்ணு கிடைச்சா போதும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கேள்.

முதலாவது, சட்டம். ஆயுதச் சட்டம் “தோட்டா” என்பதற்குச் சொல்லும் விளக்கத்துக்குள்ளேயே, தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்கிற கருவிகளும் அடங்கிவிடுகின்றன. ஒரு குண்டுகூட வார்க்காமல் அச்சை வாங்கி அலமாரியில் வைத்தாலே வில்லங்கம் வரலாம். டல்லாஸில் இருக்கும் சித்தப்பா மகன் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதாகச் சொன்னானா? வேண்டாம் என்று இன்றைக்கே மெசேஜ் போடு. இறக்குமதிக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். மீனம்பாக்கம் கஸ்டம்ஸில் அவன் மாட்டினால் சித்தி உன்னைத்தான் திட்டுவாள்.

இரண்டாவது, அந்த ரைபிளுக்கு வெறும் ஈயக் குண்டு பொருந்தாது. .315-க்கு வருகிற குண்டு ஈயத்தின் மேல் உலோக உறை போட்டது. அந்த வேகத்துக்கு வெறும் மிருதுவான ஈயம் தாங்காது. குழலின் உள்ளே இருக்கும் முறுக்குப் பள்ளங்களில் வழுக்கி, வழித்தடமெல்லாம் ஈயப் பூச்சு அப்பிக்கொள்ளும். குறி போய்விடும், குழலும் கெடும். மருந்தின் அளவைக் கையால் கூட்டிக் குறைப்பது அதைவிட ஆபத்து. போல்ட் இருப்பது உன் கன்னத்துக்கு நேராக, அதை மறக்காதே.

மூன்றாவது, உன் வீடு. ஈயம் 327 டிகிரியில் உருகும். நம் அடுப்பே போதும் என்பதால்தான் இவ்வளவு தைரியம் வருகிறது. உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது ஆவியாகி, ஈயத்தை முகத்தில் அள்ளி வீசும். மழைக்காலத்தில் நம் கூரைகள் எப்படிச் சொட்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? மேலே மிதக்கும் சாம்பலும் தூசியும் கையில் ஒட்டி, தட்டில் இறங்கி, தவழ்கிற பிள்ளை வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் நேரடிக் கேடு. வலைக் குண்டு வார்ப்பதானாலும் சரி, வீட்டுக்கு வெளியே, தனிப் பாத்திரத்தில்தான். அந்தச் சட்டியைக் கழுவிக் குழம்பு வைக்கலாம் என்று நினைக்கவே நினைக்காதே. கைப்பிடி போன பழைய குக்கர் என்றாலும் தூக்கி எறி.

அப்படியானால் அச்சு என்று ஒன்று ஏன் உலகத்தில் இருக்கிறது? அதற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்து வாய்வழித் துப்பாக்கி ஒவ்வொன்றும் கையால் செய்தது, ஒன்றின் குழல் அளவு இன்னொன்றுக்கு வராது. அதனால் துப்பாக்கியோடு சேர்த்தே அதன் அச்சையும் கொடுப்பார்கள். “12 போர்” என்கிறோமே, ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குச் சரியான 12 உருண்டை வார்க்கலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. உருண்டை ஒன்று சுமார் 38 கிராம். அமெரிக்காவில் 1860-ன் ஹென்றி, 1873-ன் வின்செஸ்டர் மாதிரி ரைபிள்கள் வந்தபோது, கடை கண்ணி இல்லாத ஊர்க்காரர்களுக்காக அச்சும் கருவியும் விற்றார்கள். இன்றைக்கு அவற்றின் நகல்களை இத்தாலியில் உபெர்ட்டி போன்ற கம்பெனிகள் செய்கின்றன. அவற்றை வைத்து விளையாட்டுப் போட்டி நடத்துகிறவர்கள் அச்சு தேடி அலைவது நியாயம். அந்த ரைபிள்களில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் நிற்பதன் அடியில் பின்னால் இருப்பதன் மூக்கு இடிக்கும் என்பதால் தட்டை மூக்குக் குண்டுதான் போட வேண்டும். தோட்டாவின் நீளம் கொஞ்சம் மாறினாலும் தூக்கிக் கொடுக்கும் கட்டை மேலே ஏறாமல் முரண்டு பிடிக்கும். இந்த மாதிரி வீடியோக்களை இரவெல்லாம் பார்த்துவிட்டுத்தான் உன் கொழுந்தன் காலையில் அச்சு கேட்கிறான். அவன் பார்த்த துப்பாக்கி வேறு, உன் பீரோவில் இருப்பது வேறு.

உனக்கு வழி எது? புனேக்குப் பக்கத்தில் கட்கி தொழிற்சாலையில் .315 தோட்டா தயாராகிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது அது முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்துக்குக் கீழே போனது. லைசென்ஸ் உள்ள டீலரிடம் புத்தகத்தைக் காட்டி, அதில் எழுதியிருக்கிற எண்ணிக்கைக்குள் வாங்கு. தீவில் இல்லை என்றால் எந்த டீலர் வழியாக, எந்த அனுமதியோடு வரவழைக்கலாம் என்று டி.சி. ஆபீசில் கேள். மாதக் கணக்கில் ஆகும், ஆகட்டும். அந்தத் தோட்டாவை வைத்து நீ நாளைக்கே போருக்குப் போகப் போவதில்லை.

4. தோட்டா சிக்குதா? இந்த வரிசையில் பார்

ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளதையெல்லாம் செய்ய வேண்டியவர் லைசென்ஸ்தாரர். நீ பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. வீட்டில் சோதனை பண்ண நிஜத் தோட்டா கூடவே கூடாது. டீலரிடம் மருந்தும் கேப்பும் (தோட்டாவின் அடியில் தீ மூட்டுகிற மூடி) இல்லாத டம்மி கேட்டு வாங்கச் சொல். நிஜத் தோட்டாவைப் பக்கத்து அறையில் பூட்டி, சாவியை நீ வைத்துக்கொள்.

அ) அடுக்கின முறை. சிக்குகிறது என்று வருகிற புகாரில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். .315 தோட்டாவின் அடியில் துருத்திக்கொண்டு ஒரு விளிம்பு இருக்கும். மேகசினில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போடும்போது, மேலே இருக்கிற தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அதன் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்பில் கொக்கி போட்டு, இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். நம் ஆட்கள் உடனே “ஸ்பிரிங் போச்சு” என்பார்கள். ஸ்பிரிங் பாவம், ஒன்றும் பண்ணவில்லை. ஒவ்வொரு டம்மியையும் கட்டைவிரலால் அழுத்தி, பின்சுவர் வரைக்கும் தள்ளிவிட்டு அடுத்ததைப் போடச் சொல். அடுத்தது தானாகவே முன்னால் உட்காரும். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் விளிம்புகள் படிக்கட்டு மாதிரி வரிசையாகத் தெரியும்.

ஆ) பாதி இழுப்பு. வயசானவர்கள் போல்ட்டை மென்மையாக, முக்கால்வாசிதான் பின்னுக்கு இழுப்பார்கள். கெட்டுப்போகுமோ என்று பயம். அப்படி இழுத்தால் போல்ட்டின் முகம் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போகாது, நடு உடம்பில் போய் இடிக்கும். கடைசி வரை இழு, தயங்காமல் முன்னே தள்ளு. அந்த ரைபிள் பட்டாளத்துக்காகச் செய்த அமைப்பு, அதற்கு வலிக்காது.

இ) மேகசின் சரியாக உட்காரவில்லை. “டக்” சத்தம் கேட்கும்வரை மேலே தள்ள வேண்டும். பூட்டு தேய்ந்திருந்தால் கொஞ்சம் தொங்கும். அந்தக் கொஞ்சமே மூக்கு இடிக்கப் போதும்.

ஈ) பிசுக்கு. மேகசினைக் கழற்றி, தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தட்டை விரலால் முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை அழுத்திவிடச் சொல். விட்டவுடன் தயங்காமல் மேலே வர வேண்டும். மெதுவாக ஏறினால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று அர்த்தம். பல வீடுகளில் தேங்காய் எண்ணெய்தான் போட்டிருக்கிறார்கள்! தலைக்குப் போடுவதைத் துப்பாக்கிக்குப் போடாதே. அது நாளாக நாளாக கெட்டியாகி, தூசியைப் பிடித்து, பச்சையாக ஒரு மாவு மாதிரி மூலைகளில் உட்காரும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாக ஒரு கை. அவ்வளவுதான், வழிய வழிய வேண்டாம்.

உ) மேகசின் வாயின் உதடுகள். மேலே தகடு இரண்டு பக்கமும் உள்ளே வளைந்திருக்குமே, அதுதான் தோட்டாவைப் பிடித்துச் சரியான கோணத்தில் விடுகிறது. கீழே போட்டிருந்தால் ஒரு பக்கம் நெளிந்திருக்கும். இதில்தான் கொழுந்தன் இடுக்கியைத் தூக்கிக்கொண்டு வருவான். இடுக்கியைப் பிடுங்கி உள்ளே வை. கூடுதலாக ஒரு வளைவு வளைத்தால் தகடு வெடிப்பு விடும். வேறு ரைபிளின் மேகசினை இரவல் வாங்கி மாட்டுவதும் சரிவராது. இந்த ஜாதி ரைபிளுக்கு மேகசினை அதனதன் உடம்புக்குப் பொருத்திப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். 1879-ல் ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் காப்புரிமை வாங்கின காலத்திலிருந்து, கழற்றி மாட்டுகிற பெட்டி மேகசினின் உயிர் இந்த உதடுகளில்தான் இருக்கிறது.

ஊ) தோட்டா. பித்தளையில் பச்சைக் களிம்பு, நெளிசல், மூக்கு உள்ளே அமுங்கினது, இதில் எது இருந்தாலும் அதை ஒதுக்கிவை, டீலரிடம் கொடு. தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி போடாதே. தோட்டாவின் மேல் எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். கேட்காதே. எண்ணெய் கேப்புக்குள் இறங்கினால் தோட்டா ஊமையாகும். சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) எண்ணெய் இருந்தால் வெடிக்கும்போது தோட்டாவின் கூடு சுவரைப் பிடிக்காமல் முழு வேகத்தில் போல்ட்டை உதைக்கும். சுனாமித் தண்ணீர் ஏறின வீட்டில் கிடந்த தோட்டாவை இன்னும் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதை என்ன செய்வது என்று தாணாவில் கேளுங்கள், நீங்களாகவே முடிவு பண்ணாதீர்கள்.

எ) இதெல்லாம் பார்த்தும் சிக்கினால், ஓங்கித் தட்டாமல் டம்மியை வெளியே எடுத்து அதன் மூக்கைப் பார். கீறல் மேலே இருக்கிறதா, கீழேயா, பக்கத்திலா? போனில் ஒரு படம் எடுத்து வை. ரிப்பேர்க்காரருக்கு அந்தப் படம் நீ பேசுகிற பத்து நிமிஷத்தைவிட உதவும். ரிப்பேர் பண்ணுகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். அபர்தீன் பஜாரில் எவ்வளவு கைராசியான லேத் பட்டறை இருந்தாலும் துப்பாக்கி அங்கே போகக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவு அதற்குத்தான்.

ஏ) போல்ட்டில் ஒரு எண், உடம்பில் ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பார்க்கச் சொல். ஒரே வீட்டில் இரண்டு ரைபிள் இருந்து, சுத்தம் பண்ணும்போது போல்ட் மாறிப் போவது நடக்கிற விஷயம்தான். மாறின போல்ட்டும் உள்ளே போகும், மூடும், எல்லாம் சரி மாதிரியே தெரியும். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவே உள்ள இடைவெளி மட்டும் சரியாக இருக்காது. கூடு பின்னால் கிழிந்தால் அனல் முகத்தில் அடிக்கும். எண் மாறியிருந்தால் சுடவே கூடாது.

5. துருதான் உன் நிஜ எதிரி

வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் பக்கம் மழை, இரண்டு பருவமழை, சுற்றிலும் உப்புக் காற்று. சென்னைக்காரன் மாசம் ஒருமுறை துடைத்தால் போதும் என்பான். இங்கே பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

• தோல் உறையில் வைக்காதே. அழகாகத்தான் இருக்கும். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைக்கும், பதப்படுத்தின உப்பும் அதில் இருக்கும். உறையை ஆணியில் மாட்டு, துப்பாக்கியைப் பீரோவில் வை.

• பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டாதே. உள்ளே வேர்க்கும்.

• சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு. மருந்து டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வருகிற குட்டிப் பொட்டலம் இதற்குக் காணாது, பெரிதாக வாங்கு. ஈரம் ஏறினால் சூடாக்கி மறுபடி போடலாம்.

• தொட்டுப் பார்த்த பிறகு துடைக்காமல் வைத்தால் விரல் ரேகை அப்படியே துருவாக எழும்பும். விருந்தாளிக்குக் காட்டினால் அன்றைக்கே துடை. காட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

• குழலைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் பண்ணு. போலீஸ்காரர்கள் புல்-த்ரூ (துணி கட்டி இழுக்கிற கயிறு), சிந்தித் துணி (துடைக்கிற துண்டுத் துணி) என்பார்களே, அவை இரண்டும் போதும். முன்வாய் வழியாகக் கம்பி விட்டு இழுத்தால் வாய் ஓரம் தேய்ந்து குறி கெடும்.

• பழைய ரகக் கேப் உள்ள தோட்டா சுட்டிருந்தால் வெறும் எண்ணெய் போதாது. அந்தக் கேப்பில் இருக்கிற குளோரேட் எரிந்து குழலுக்குள் உப்பாகப் படியும். உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி வடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு எண்ணெய். அன்று ராத்திரியே செய்தாக வேண்டும். விட்டால் காலையில் குழலுக்குள் செம்மண் நிறம் வந்துவிடும்.

• குளவி! பீரோ இல்லாமல் சுவரில் மாட்டி வைக்கிறவர்களே, உங்களுக்குத்தான். மண் குளவிக்குத் துப்பாக்கிக் குழல் மாதிரி ஓர் இடம் கிடைக்காது. நாலைந்து நாளில் உள்ளே மண் அடைத்து முட்டையிட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடிக்கும். எப்போது எடுத்தாலும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறு வேலை.

• தேர்தல் வந்தால் தாணாவில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுப்பதற்கு முந்தின நாள் உள்ளும் புறமும் எண்ணெய் போடு; துப்பாக்கி நம்பரைக் குறித்துக்கொண்டு, கொடுக்கும்போது ரசீது வாங்கு. திரும்பி வரும்போது அதே நம்பர்தானா என்று கவுண்டரிலேயே பார். வீட்டுக்கு வந்து புலம்பாதே.

6. சுவரில் மாட்டுகிற நகல் துப்பாக்கி

ஆன்லைனில் வாங்கின பொம்மை வின்செஸ்டர், சுடாத அலங்காரச் சாமான் என்றால் பயமில்லை. அதைச் சுடுகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பு. போலித் துப்பாக்கியை நிஜமாக மாற்றுவதை ஆயுதச் சட்டத்தின் 6-ம் பிரிவு தனியாகத் தடுக்கிறது. தாத்தா காலத்து, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழங்காலச் சாமானுக்கு 45-ம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் “இது சுடாது” என்று தீர்மானிக்க வேண்டியது நீயோ நானோ இல்லை. அதிகாரியிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்.

பழசின் மேல் ஆசை இருந்தால் செல்லுலார் ஜெயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போ. 1857-ல் என்ஃபீல்டு தோட்டாவில் தடவின கொழுப்பைப் பற்றிக் கிளம்பின பேச்சுதான் சிப்பாய்க் கலகத்துக்குத் திரி கிள்ளியது. அதில் பிடிபட்டவர்களை அடைக்கத்தான் 1858 மார்ச்சில் முதல் கப்பல் இங்கே வந்தது. தோட்டா விஷயத்தில் இந்த ஊருக்கு இருக்கிற அனுபவம் வேறெந்த ஊருக்கும் இல்லை.

7. கடைசியாகச் சில “கூடாது”கள், சுருக்கமாக

• தோட்டத்துக்கு மான் வந்து நாற்றைத் தின்கிறது என்று தூக்காதே. புள்ளிமானை வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டான், தின்ன இங்கே புலி இல்லை, பெருகிவிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனாலும் அதைச் சுட்டால் கேஸ் உன் பெயரில்தான். வேலி போடு, வனத்துறையில் எழுதிக் கொடு.

• கார்பின்ஸ் கோவ் பக்கம் ஜப்பான்காரன் பங்கர்களைப் பார்த்திருப்பாய். 1942-லிருந்து 1945 வரை இருந்துவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்றது தோட்டம் வெட்டும்போது கிடைக்கலாம். துருப்பிடித்த தோட்டா கிடைத்தால் “நம்ம ரைபிளுக்குச் சேருமா” என்று போட்டுப் பார்க்கிற புத்திசாலி எல்லாத் தெருவிலும் ஒருத்தன் உண்டு. தொடாமல், பிள்ளைகளை நகர்த்திவிட்டு, போலீசுக்குப் போன் பண்ணு.

• ட்ரிகர் இழுத்து வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. ஆள் இல்லாத பக்கம் பார்த்து நீட்டியபடி அரை நிமிஷத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். சில தோட்டா தாமதமாக வெடிக்கும்.

• கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது சந்தோஷம் இல்லை, குற்றம். 2019 திருத்தத்தில் அதற்கென்றே 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் கொடுக்காதே. பட்டாசுச் சரம் வாங்கிக் கொடு.

• சுட்ட வெற்றுக் கூட்டைப் பிள்ளைகளுக்கு விசில் ஊதக் கொடுக்காதே. எண்ணி டப்பாவில் போட்டு, வாங்கின பில்லையும் அதிலேயே வை. அடுத்த முறை தோட்டா கேட்கும்போதும் லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும் பழைய கணக்கைக் கேட்டால் எடுத்து நீட்டலாம்.

• ரைபிள் ஒரு பூட்டில், போல்ட் இன்னொரு பூட்டில், தோட்டா மூன்றாவதில். மூன்று சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து டிவி மேல் வைத்திருக்கிற வீட்டுக்காரி யார் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் முதலில் அதைப் பிரி.